முதலில் வந்தவரா, பரிசு பெற்றவரா? கார் பந்தய வினாடி வினாவில் மூன்று தகராறுகள்

வினாப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழாவில், சென்ற ஞாயிற்றுக்கிழமை, கார் பந்தயம் பற்றி ஒரு வினாடி வினா நடத்தினேன். செட்டிபாளையத்தில் பந்தயத் தளம் இருக்கும் ஊர் என்பதால் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஏழு அணிகள் வந்திருந்தன. இருபது கேள்விகளில் பதினேழு எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தன. மீதி மூன்றும் என்னை மேடையிலேயே திணறடித்துவிட்டன.

முதலாவது, "உலகின் முதல் கார் பந்தயத்தில் வென்றவர் யார்?" என்ற கேள்வி. என் அட்டையில் 1894ஆம் ஆண்டின் டி டியோன் பிரபு என்று எழுதியிருந்தேன். ஓர் அணி பூஜோ நிறுவனம் என்றது, இன்னோர் அணி 1895இல் லெவாசர் என்றது, மூன்றாவது அணி 1906இல் சிஸ் என்றது. மூவரும் கைப்பேசியில் சான்று காட்டினார்கள், மூன்று சான்றும் சரியாகவே தோன்றின.

இரண்டாவது, "ஃபார்முலா ஒன் ஒளிபரப்பின் தீம் இசை யாருடையது?" என்பது. ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழு என்பது நான் வைத்திருந்த விடை. ஒரு கல்லூரி மாணவர் எழுந்து பிரையன் டைலர் என்றார். ஜப்பானில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவரோ, இரண்டுமே தவறு என்று சொல்லி ஒரு மெட்டை முணுமுணுத்தும் காட்டினார்.

மூன்றாவது, ஜெர்மானியப் பந்தயக் கார்கள் வெள்ளி நிறத்துக்கு மாறிய கதை. எடையைக் குறைப்பதற்காக இரவோடு இரவாக வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்கள் என்று நான் படித்திருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "அது நன்றாகச் சொல்லப்பட்ட கதை, நடந்ததா என்பது வேறு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சண்டை வேண்டாமென்று எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்தேன். அதனால் எல்லோருக்குமே வருத்தம். இந்த மூன்றிலும் யார் சொன்னது சரி, அடுத்த முறை இவற்றையே கேட்பதானால் எப்படிக் கேட்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பழைய டயர் எழுதியது:

தம்பி, உங்கள் முதல் கேள்வியில் பிழை "முதல்" என்ற சொல்லில் இல்லை, "வென்றவர்" என்ற சொல்லில் இருக்கிறது. அந்தக் காலத்தில் முதலில் வந்து சேர்ந்தவரும் பரிசு பெற்றவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

1894ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி, பாரீஸிலிருந்து ரூவான் நகரம் வரை ஏறத்தாழ 126 கிலோமீட்டர் தூரத்துக்கு நடந்த நிகழ்ச்சியை லெ பெத்தி ஜூர்னால் என்ற பாரீஸ் நாளிதழ் ஏற்பாடு செய்தது. அதைப் பந்தயம் என்று அவர்கள் அழைக்கவில்லை. குதிரையில்லா வண்டிகளின் போட்டி என்றே அறிவித்தார்கள். ஆபத்தில்லாததாகவும், எளிதில் ஓட்டக்கூடியதாகவும், செலவு குறைந்ததாகவும் உள்ள வண்டிக்கே முதல் பரிசு என்பது விதி. 102 பேர் பெயர் கொடுத்தார்கள், தகுதிச் சுற்றைத் தாண்டிப் புறப்பட்டவை 21 வண்டிகள். நடுவழியில் மாந்த் என்ற ஊரில் எல்லோரும் வண்டியை நிறுத்தி மதிய உணவு உண்டார்கள் என்பதிலிருந்தே அந்த நாளின் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

டி டியோன் பிரபு நீராவியில் ஓடும் இழுவை வண்டியின் பின்னால் ஒரு பயணிகள் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். முதலில் ரூவானை அடைந்தவர் அவர்தான். அடுத்து வந்த பூஜோ அவரைவிடச் சில நிமிடங்களே பிந்தியது. ஆனால் அவருடைய வண்டிக்கு, நம் ஊர் நீராவி ரயிலில் இருந்த ஃபயர்மேனைப் போல, அடுப்பைக் கவனித்துக்கொள்ள தனியாக ஓர் ஆள் தேவைப்பட்டார். ஆகவே அது எளிதில் ஓட்டக்கூடிய வண்டி அல்ல என்று நடுவர்கள் தீர்மானித்து அவருக்கு இரண்டாம் பரிசையே தந்தார்கள். முதல் பரிசை, பெட்ரோலில் ஓடிய வண்டிகளுக்காகப் பூஜோவும் பனார் எ லெவாசரும் பகிர்ந்துகொண்டன. அடுப்பு எரிக்கும் அந்த ஆளுக்குப் பிரெஞ்சு மொழியில் "ஷோஃபர்" என்று பெயர். பணக்காரர் வீட்டுக் கார் ஓட்டுநரை இன்றும் உலகம் அழைப்பது அந்தப் பெயரால்தான். நான் வினா எழுதுபவனாக இருந்தால், பந்தயத்தை விட்டுவிட்டு இதைத்தான் கேட்பேன்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம் பாரீஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் 1,178 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. யார் வேகமாக வருகிறார்கள் என்று பார்த்த உண்மையான பந்தயம் என்று இதைத்தான் பலரும் கொள்கிறார்கள். எமில் லெவாசர் 48 மணி 48 நிமிடங்களில் திரும்பி வந்தார். அவருக்கு மாற்றாக ஓட்ட வேண்டியவர், வண்டி இவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று எதிர்பாராமல் தூங்கிக்கொண்டிருந்தாராம். லெவாசர் காத்திருக்காமல் தாமே தொடர்ந்து ஓட்டிவிட்டார். இரண்டு பகல், இரண்டு இரவு, திறந்த வண்டி, சுக்கான் போன்ற ஒரு கைப்பிடி, மண்ணெண்ணெய் விளக்கு அளவுக்கு வெளிச்சம். அப்படியும் அவருக்குப் பெரிய பரிசு கிடைக்கவில்லை, ஏனென்றால் அது நான்கு இருக்கை வண்டிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடையதில் இரண்டே இருக்கைகள். அவருக்குப் பதினொரு மணி நேரம் பின்னால் வந்த கெக்லின் என்பவரின் பூஜோ 31,500 ஃபிராங்கைப் பெற்றது. மறு ஆண்டு பாரீஸ்–மார்செய் பந்தயத்தில் பட்ட அடியிலிருந்து மீளாமல் 1897இல் லெவாசர் இறந்துபோனார். பாரீஸின் போர்த் மயோ பகுதியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. பரிசைப் பெற்றவருக்கு அப்படி எதுவும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

1906 என்று சொன்ன அணியும் தவறு செய்யவில்லை, அவர்கள் விடை வேறு கேள்விக்கு உரியது. அது முதல் கிராண்ட் பிரீ. லு மான் நகருக்கு வெளியே 103 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைச் சுற்றை நாளைக்கு ஆறு முறையாக இரண்டு நாட்கள் ஓட்டினார்கள். ஜூன் மாத வெயிலில் சாலைத் தார் உருகித் தெறித்து ஓட்டுநர்களின் கண்களைப் பதம் பார்த்தது. வண்டியில் பழுது என்றால் ஓட்டுநரும் உடன் வரும் மெக்கானிக்கும் மட்டுமே கை வைக்கலாம். பழைய முறையில் பஞ்சரான டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதியதை மாட்டக் கால் மணி நேரம் ஆகும். ரெனோ காரில் வந்த ஃபெரென்ஸ் சிஸ், டயரோடு சேர்த்துக் கழற்றி மாட்டக்கூடிய மிச்செலின் ரிம்மைப் பின்சக்கரங்களில் வைத்திருந்ததால், அவருக்கு நான்கு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. 32 வண்டிகள் புறப்பட்டு 11 மட்டுமே முடித்த அந்தப் பந்தயத்தில், இரண்டாவதாக வந்த நட்சாரோவை அவர் 32 நிமிடம் பின்னால் விட்டார்.

இதிலும் ஒரு பொறி உண்டு. பிரெஞ்சு ஆட்டோமொபைல் கழகம் பிற்காலத்தில் தன் பெருமைக்காக 1895 பாரீஸ்–போர்தோ ஓட்டத்தையே முதல் கிராண்ட் பிரீயாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அந்தக் கணக்கின்படி 1906இல் நடந்தது ஒன்பதாவது கிராண்ட் பிரீ! ஆகவே, "1894 பாரீஸ்–ரூவான் போட்டியில் முதலில் வந்து சேர்ந்தும் முதல் பரிசு பெறாதவர் யார்?" என்று கேளுங்கள். யாரும் கைப்பேசியைத் தூக்க முடியாது.

---

நாலாம் கம்பி எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். நீங்கள், மாணவர், பெரியவர் மூவர் சொன்னதுமே சரி. எந்த நாட்டுத் தொலைக்காட்சி, எந்த ஆண்டு என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டதுதான் குறை.

பிபிசி 1978ஆம் ஆண்டு தன் கிராண்ட் பிரீ நிகழ்ச்சியைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது ஃப்ளீட்வுட் மேக் குழுவின் "தி செயின்" பாடல். முழுப் பாடலும் அல்ல. நாலரை நிமிடப் பாடலில் மூன்று நிமிடம் கழித்து மற்றக் கருவிகள் அடங்கிப் போக, ஜான் மெக்வீ பாஸ் கிட்டாரில் தனியாக ஒரு வரியை வாசிக்கத் தொடங்குவார். பின்பு டிரம்மும் கிட்டாரும் அதன் மேல் ஏறிக்கொள்ளும். அந்த இறுதிப் பகுதிதான் முகப்பிசை. பாடலின் சொற்களில் காரும் கிடையாது, பந்தயமும் கிடையாது. அது மனமுறிவைப் பற்றிய பாட்டு. இருந்தும் அந்தப் பாஸ் வரி, கியரில் போட்டுவிட்டுப் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கும் வண்டியைப் போல உறுமிக்கொண்டே இருக்கும், பிறகு பாய்ந்துவிடும். இதைத் தேர்ந்தெடுத்தவர் பாட்டை முழுவதும் கேட்கும் பொறுமை உள்ளவர் என்பது நிச்சயம். பெரும்பாலோர் முதல் அரை நிமிடத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள்.

அந்தப் பாடலே ஒட்டுப்போட்டு உருவானது என்பது இன்னொரு சுவை. தனித்தனியாகப் பதிவு செய்த பகுதிகளின் நாடாவைப் பிளேடால் வெட்டி இணைத்தார்கள். கிறிஸ்டின் மெக்வீ தொடங்கிக் கைவிட்ட வேறொரு பாட்டின் வால்தான் நாம் பேசும் இந்த இறுதிப் பகுதி. 1977இல் வெளிவந்த "ரூமர்ஸ்" தொகுப்பில் குழுவினர் ஐவரின் பெயரும் சேர்ந்து வரும் ஒரே பாடலாக அது ஆனதற்கு இந்த ஒட்டுவேலையே காரணம்.

1996இன் முடிவில் பிபிசியின் உரிமை போயிற்று, 1997 முதல் 2008 வரை ஐடிவி வேறு இசைகளை வைத்துக்கொண்டது. 2009இல் பிபிசிக்கு ஒளிபரப்பு மீண்டபோது அதே பாஸ் வரியும் கூடவே திரும்பியது.

ஜப்பானில் இருந்து வந்த பெரியவர் முணுமுணுத்தது "ட்ரூத்" என்ற இசையாகத்தான் இருக்க வேண்டும். ஃபுஜி தொலைக்காட்சி 1987 முதல் அதைப் பயன்படுத்தியது. டி-ஸ்கொயர் குழுவினர் வாசித்தது, கிட்டார் கலைஞர் மசாஹிரோ ஆன்டோ அமைத்தது. புல்லாங்குழலைப் போல ஊதி வாசிக்கும் ஒரு மின்னணுக் கருவிதான் அதில் மெட்டைத் தூக்கிக்கொண்டு போகும். ஜப்பானின் சுஸுகா தளத்தில் ஃபார்முலா ஒன் முதன்முதலாக நடந்ததும், ஜப்பானிய ஓட்டுநர் சதோரு நகாஜிமா முழுப் பருவத்துக்கும் ஓட்ட வந்ததும் அதே 1987இல்தான் என்பதால், அந்தத் தலைமுறை ஜப்பானியருக்கு அந்த இசையும் பந்தயமும் வேறு வேறல்ல.

மாணவர் சொன்ன பிரையன் டைலரின் இசை, ஃபார்முலா ஒன் அமைப்பே தனக்கென்று எழுதி வாங்கியது. 2018இல் மெல்போர்ன் பந்தயத்திலிருந்து ஒலிக்கிறது. உலகம் முழுவதற்கும் பொதுவான அதிகாரபூர்வ இசை எது என்று கேட்டால் அவர் விடை மட்டுமே சரி.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், இந்த மூன்றையும் தாண்டி நான் பிரேசிலுக்குப் போவேன். அங்கே குளோபோ தொலைக்காட்சிக்காக எடுவார்டோ சவுட்டோ நெட்டோ அமைத்த "வெற்றி இசை" நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அல்ல, பந்தயத்தின் முடிவில் ஒலிக்கும். 1983இல் சொந்த மண்ணில் நெல்சன் பிக்கே வென்றபோது முதலில் கேட்ட அந்த இசை, பிறகு அயர்டன் சென்னாவின் இசையாகவே மாறிவிட்டது. 1991இல் பிரேசிலின் இன்டர்லாகோஸ் தளத்தில் மற்ற கியர்கள் கைவிட, ஆறாவது கியரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் கடைசிச் சுற்றுகளை ஓட்டி முடித்த காட்சியை அந்த இசையோடு பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

---

வினாப்பெட்டி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஜப்பான் பெரியவரிடம் "ட்ரூத்" இசையைப் போட்டுக் காட்டினேன். அதேதான் என்றார், முகத்தில் முப்பது வயது குறைந்தது. மூன்றாவது கேள்விக்கும் யாராவது வழிகாட்டினால் அந்த ஆசிரியையிடம் மரியாதையாகப் போய் நிற்பேன். சிஸ் கதையில் வரும் கழற்றி மாட்டும் ரிம்முக்கும் நாம் சொல்லும் ஸ்டெப்னிக்கும் தொடர்பு உண்டா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

பச்சைக்கொடி எழுதியது:

ஸ்டெப்னி உறவுக்காரன்தான், பிள்ளை அல்ல. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கிய அவசரச் சக்கரம் அது. ஆரக்கால் இல்லாத வெறும் வளையத்தில் காற்றடைத்த டயர் இருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் கவ்விப் பிடிக்குமாறு மாட்டிவிடலாம். அவர்களுடைய கடை ஸ்டெப்னி தெருவில் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. மிச்செலினின் ரிம்மோ டயரோடு கழன்று வருவது. தேவை ஒன்று, வழி இரண்டு.

வெள்ளி நிறத்துக்கு வருகிறேன். நாடுகளுக்கு நிறம் பிரித்தது 1900இல் தொடங்கிய கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயங்களில். ஒரு நாட்டுக்கு மூன்று வண்டி, வண்டியின் பாகங்கள் எல்லாம் அந்நாட்டிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் விதி. பிரான்ஸ் நீலம், ஜெர்மனி வெள்ளை, பெல்ஜியம் மஞ்சள், அமெரிக்கா சிவப்பு. சிவப்பு இத்தாலிக்குச் சொந்தமானது பிறகுதான். 1907இல் பீக்கிங்கிலிருந்து பாரீஸ் வரை ஓடி வென்ற இட்டாலா கார் சிவப்பாக இருந்ததே அதற்குக் காரணம் என்பார்கள். பிரிட்டன் 1902இல் கோப்பையை வென்றதால் மறு ஆண்டு அதுவே பந்தயத்தை நடத்த வேண்டியதாயிற்று. இங்கிலாந்துச் சாலையிலோ மணிக்கு 12 மைலுக்கு மேல் போகக் கூடாது. எனவே நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு அயர்லாந்தில் நடத்தினார்கள். பிரிட்டிஷ் பந்தயப் பச்சை அயர்லாந்துக்குச் செய்த மரியாதை என்ற வழக்கு அங்கிருந்து வருகிறது. அந்தப் பந்தயத்தில் வென்ற மெர்சிடிஸ் கூட இரவல் வண்டிதான். தொழிற்சாலை தீயில் பந்தயக் கார்கள் அழிந்துவிட்டதால், முன்பே விற்ற ஒரு வண்டியை உரிமையாளரிடம் திருப்பி வாங்கி ஜெனாட்சி ஓட்டினார்.

1934இல் வந்த விதி வண்டியின் எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. நூர்பர்க்ரிங் தளத்தில் பந்தயத்துக்கு முந்தைய நாள் எடை போட்டபோது மெர்சிடிஸ் ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாகவும், வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டியபின் அலுமினியம் வெளியே தெரிந்ததாகவும் அணி மேலாளர் ஆல்ஃப்ரெட் நொய்பவர் பிற்காலத்தில் எழுதினார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1934 ஜூன் 3ஆம் தேதி நடந்த அந்த ஐஃபெல் பந்தயம் எடை வரம்பே இல்லாத திறந்த விதியில் நடந்தது என்று வரலாற்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். வரம்பு இல்லாத பந்தயத்தில் ஒரு கிலோவுக்காக யார் விடிய விடியச் சுரண்டுவார்கள்? மேலும் 1932லேயே பெர்லினின் ஆவுஸ் தளத்தில் ஃபான் பிராவ்கிட்ஷ் ஓட்டிய மெர்சிடிஸ் பெயிண்ட் அடிக்காத வெள்ளி வண்டிதான். ஆசிரியைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

---

இருங்காட்டுக்கோட்டை எழுதியது:

உங்கள் ஊர்க்காரர் நாராயண் கார்த்திகேயனைப் பற்றிய ஒரு கேள்வியை நான் தருகிறேன். பழைய டயர் ஐயா சொன்ன மிச்செலின் கதையோடு அது நேராகப் போய்ச் சேர்கிறது. 1895 பாரீஸ்–போர்தோ ஓட்டத்தில் காற்றடைத்த டயரை முதன்முதலாகப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மிச்செலின் சகோதரர்கள். 22 ட்யூப்களைத் தீர்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேர்ந்தார்கள். 1906இல் டயரை விரைவாக மாற்றும் வித்தையால் அதே நிறுவனம் வெற்றியைப் பெற்றுத் தந்தது. 99 ஆண்டுகள் கழித்து, 2005 ஜூன் மாதம், இண்டியானாபொலிஸ் தளத்தின் சாய்வான திருப்பத்தில் தன் டயர் தாங்காது என்று தெரிந்தபோது, டயரை மாற்றி மாற்றி ஓட்ட வழியில்லை. அந்தப் பருவத்தின் விதிப்படி ஒரே டயரில்தான் பந்தயத்தை முடிக்க வேண்டும். மிச்செலின் போட்ட 14 வண்டிகளும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும், வண்டிகளைக் கவனிக்கும் இடமான பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மீதி ஆறு வண்டிகளில் ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்றில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. "ஆறு பேரில் நான்காவதா" என்று சிரிப்பவர்களுக்கு நான் சொல்வது, மற்ற 14 பேரும் டயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள்தாம் என்பதே.

---

வினாப்பெட்டி எழுதியது:

இங்கே கிடைத்த விவரங்களை வைத்து மதிப்பெண்களை மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். ஆசிரியையின் அணிதான் முதலில் வந்திருக்க வேண்டும். கோப்பையோ இரண்டாவது மாடியில் வேறொருவர் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. ஆசிரியையிடம் நேரில் போய் நடந்ததைச் சொல்லி, லெவாசரின் கதையையும் கூடவே சொன்னேன். "கோப்பை இருக்கட்டும், நினைவுச் சின்னம் எங்கே வைப்பதாக உத்தேசம்?" என்று கேட்டார்.